இடைவிடாத மின்சாரம்: அணுமின் நிலையப் பணி காட்டும் ஒப்பீடு

மின் நிலையங்களில் பெரும்பாலானவை செய்யும் வேலை ஒன்றுதான். நீரைக் கொதிக்கவைத்து நீராவியாக்கி, அதனால் டர்பைனைச் சுழற்றி, டர்பைனோடு இணைந்த ஜெனரேட்டரில் மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த வெப்பத்தை நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தருகிறது. வடசென்னையிலும் தூத்துக்குடியிலும் கருநிலக்கரி தருகிறது. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் யுரேனிய அணுக்கருவின் பிளவு தருகிறது. மேட்டூரில் விழும் நீரும் முப்பந்தலில் வீசும் காற்றும் கொதிகலன் இல்லாமலே டர்பைனைச் சுழற்றுகின்றன. கமுதியில் சூரிய ஒளி டர்பைனும் இல்லாமல் மின்சாரமாகிறது. இத்தனை வகையும் ஒரே மாநிலத்தில், ஒரே மின்தொகுப்பில் வந்து கலப்பதால், அவற்றை ஒப்பிடத் தமிழ்நாடு பொருத்தமான களம். ஆண்டறிக்கையின் எண்களைப் போலவே, ஷிப்ட் முறையில் உலையை இயக்குவோரின் அன்றாட வேலையும் அந்த ஒப்பீட்டுக்கு உதவுகிறது.

எரிபொருள்

கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையத்தின் உலைகள் இயற்கை யுரேனியத்தை எரிபொருளாகவும் கனநீரை, நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் தணிப்பானாகவும் கொண்டவை. தானே தொடரும் பிளவுவினையை முதல் உலை 1983-லும் இரண்டாவது 1985-லும் எட்டின. ஒவ்வொன்றின் திறனும் 220 மெகாவாட். உலைக்கலனில் படுக்கைவாட்டமாக 306 குழாய்கள் இருக்கின்றன. பணியாளர்கள் இவற்றைச் 'சேனல்' என்பார்கள். ஒவ்வொரு சேனலிலும் 12 எரிபொருள் பண்டில்கள் வரிசையாக அமர்ந்திருக்கும். பண்டில் என்பது யுரேனிய ஆக்சைடு வில்லைகள் அடைக்கப்பட்ட 19 ஜிர்க்கோனியக் குழல்களின் கட்டு. அரை மீட்டர் நீளமும் ஏறத்தாழ 15 கிலோ எடையும் கொண்ட இது ஹைதராபாத்திலுள்ள அணு எரிபொருள் வளாகத்தில் தயாராகிறது. புதுப் பண்டிலைக் கையுறை அணிந்து கையால் தூக்கி வைக்கலாம். உலைக்குள் போய்வந்த பண்டிலை ஒருவரும் நெருங்க முடியாது; அதை எந்திரம் மட்டுமே கையாளும்.

முழுத் திறனில் ஓடும் 220 மெகாவாட் உலைக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பண்டில்களை ஒட்டி மாற்றினால் போதும். அதாவது சுமார் 120 கிலோ. இதே அளவு மின்சாரத்தை இந்திய நிலக்கரியில் எடுக்க, யூனிட்டுக்கு 700 கிராம் என்று கணக்கிட்டால், நாளொன்றுக்கு 3,700 டன் நிலக்கரி வேண்டும். ஒரு முழுச் சரக்கு ரயிலின் சுமை அது. 1,000 மெகாவாட் நிலையமானால் தினமும் நான்கு ரயில்களுக்கு மேல் தேவைப்படும். வடசென்னைக்கும் தூத்துக்குடிக்கும் ஒடிசாவின் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாராதீப் துறைமுகம் வந்து, அங்கிருந்து கப்பலேறி நிலக்கரி வருகிறது. இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணி அறுந்தாலும் மின்வெட்டு அச்சம் எழும். 2021 அக்டோபரில் நாட்டின் அனல்மின் நிலையங்கள் பலவற்றில் நான்கு நாளைக்கான நிலக்கரிகூட இருப்பில் இல்லை. அனல்மின் நிலையத்தில் வேலை பார்ப்போரின் கண் எப்போதும் நிலக்கரி முற்றத்தின் மேலேயே இருக்கும். மழைக்காலத்தில் ஈர நிலக்கரி குழாய்களை அடைத்துக்கொள்வது அவர்களின் தனித் தலைவலி.

அணுமின் நிலையத்தில் பல மாதங்களுக்கான எரிபொருள் ஒரே கிடங்கில் அடங்கிவிடும். கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலை ஒவ்வொன்றிலும் 163 எரிபொருள் தொகுதிகள் உள்ளன. உலையை நிறுத்தி எரிபொருள் மாற்றும்போது அவற்றில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மட்டுமே புதிதாக வைக்கப்படும். அந்த அளவு ரஷ்யாவிலிருந்து விமானத்திலேயே வந்துவிடுகிறது. எரிபொருள் செலவு மொத்தச் செலவில் சிறு பங்காக இருப்பதால், உலகச் சந்தையில் விலை ஏறினாலும் மின்கட்டணம் அதே வேகத்தில் ஏறாது. இறக்குமதி நிலக்கரியையோ எரிவாயுவையோ நம்பும் நிலையத்துக்கு இந்த வசதி இல்லை.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. இந்தியாவில் யுரேனியம் தாராளமாகக் கிடைப்பதில்லை; ஜாதுகூடா, தும்மலப்பள்ளி போன்ற சில சுரங்கங்களே ஆதாரம். 2008-இல் அணுசக்தி வணிகத் தடை விலகுவதற்கு முந்தைய ஆண்டுகளில், உள்நாட்டு யுரேனியப் பற்றாக்குறையால் இந்திய உலைகள் பலவும் குறைந்த திறனில் ஓட நேர்ந்தது. எரிபொருள் கொஞ்சம் போதும் என்பது உண்மை. அந்தக் கொஞ்சமும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதும் உண்மை.

இடைவிடாமை

கனநீர் உலையின் பணியில் தேர்ந்தோர் முதலில் பெருமையோடு சொல்வது, ஓடும்போதே எரிபொருள் மாற்றும் முறையைப் பற்றித்தான். உலையின் இரு முகப்புகளிலும் ஒவ்வோர் எந்திரம் ஒரே சேனலின் இரு முனைகளையும் கவ்விக்கொள்ளும். ஒன்று புதுப் பண்டில்களைத் தள்ள, எதிர்ப்புறத்தில் உள்ளது பழையவற்றை வாங்கிக்கொள்ளும். உள்ளே கனநீர் 290 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில், உயர் அழுத்தத்தில் பாய்ந்தபடியே இருக்கும். ஜெனரேட்டரும் மின்சாரத்தை அனுப்பியபடியே இருக்கும். இந்த வசதியால்தான் கர்நாடகத்தின் கைகா நிலையத்தின் முதல் உலை 2016 மே மாதத்திலிருந்து 2018 டிசம்பர் 31 வரை 962 நாட்கள் நிற்காமல் ஓடி அன்றைய உலகச் சாதனையைப் படைத்தது. பின்னர் கனடாவின் டார்லிங்டன் உலை அதை முறியடித்தது. அதுவும் கனநீர் உலையே.

இரவு ஷிப்டில் இரண்டு மணிக்கு உலை தரும் மின்சாரமும் நண்பகலில் தருவதும் ஒன்றே. காற்றாலையின் கதை வேறு. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களில் காற்று மே மாதம் எழுந்து செப்டம்பர் வரை வலுவாக வீசும். ஆடி மாதத்தில் தமிழ்நாட்டின் தேவையில் கணிசமான பங்கைக் காற்றே சுமக்கும் நாட்கள் உண்டு. பருவம் முடிந்ததும் அதே காற்றாலைகள் சொற்ப மின்சாரமே தரும். சூரிய மின்சாரம் பகலில் கொட்டும். வீடுகளில் விளக்கும் விசிறியும் ஏ.சி.யும் ஒருசேர ஓடும் இரவு ஏழு மணிக்கு அது இருக்காது. மேட்டூரின் நீர்மின்சாரம், பருவமழையும் கர்நாடக அணைகளிலிருந்து வரும் நீரும் அனுமதிக்கும் அளவுக்குத்தான் கிடைக்கும். குந்தாவின் நீர்மின்சாரமும் மழையை நம்பியதே.

நிறுவுதிறன் ஒன்றாக இருந்தாலும் ஆண்டு விளைச்சல் ஒன்றாக இருக்காது. நன்கு ஓடும் 1,000 மெகாவாட் அணுமின் நிலையம் 80 சதவீதத் திறனில் ஆண்டுக்கு 700 கோடி யூனிட் தரும். அதே 1,000 மெகாவாட் சூரியப் பூங்கா, 20 சதவீதக் கணக்கில், ஏறத்தாழ 175 கோடி யூனிட்தான் தரும். காற்றாலையின் நிலை இரண்டுக்கும் இடையில். நிறுவுதிறனை மட்டும் வைத்துப் பேசும் விவாதங்களில் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

ஆனால் ஏற்ற இறக்கத்துக்கு ஈடுகொடுப்பதில் அணு உலை மெதுவானது. நீர்மின் நிலையம் சில நிமிடங்களில் முழுத் திறனுக்கு வந்துவிடும். அணு உலை 'டிரிப்' ஆனால், அதாவது கோளாறால் சட்டென நின்றுபோனால், பிளவின் விளைபொருளான அயோடின் சிதைந்து செனான் என்னும் வாயு உள்ளே சேரத் தொடங்கும். அது நியூட்ரான்களை விழுங்கும் நஞ்சு. கோளாறைக் கண்டறிந்து அரை மணி நேரத்தை ஒட்டிய அவகாசத்துக்குள் உலையை மீண்டும் கிளப்பாவிட்டால், செனான் சிதைந்து தணியும்வரை ஒன்றரை நாள் போலக் காத்திருக்க வேண்டியதுதான். இதைப் 'பாய்சன் அவுட்' என்பார்கள். கட்டுப்பாட்டு அறையில் டிரிப்புக்குப் பிந்தைய அந்த அரை மணி நேரம் போலப் பரபரப்பான வேளை வேறில்லை. காரணம் உறுதியாகத் தெரியாமல் உலையைத் திரும்பக் கிளப்பக் கூடாது என்பதே அங்கே முதல் விதி. நேரம் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவதுதான் நல்ல இயக்கம். ஆகவே அணு உலை அடிப்படைச் சுமையைத் தாங்குவதற்கு உரியது. மாலை நேரத் தேவையின் உச்சத்தை ஏற்றி இறக்கிச் சமாளிக்கும் வேலை நீர்மின்சாரத்துக்கும், காடம்பாறை போன்ற நீரேற்று மின் நிலையங்களுக்கும் உரியது.

காற்றும் சாம்பலும்

சுரங்கம், கட்டுமானம், இயக்கம், கலைப்பு அனைத்தையும் சேர்த்து ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்பதைக் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2014-இல் தொகுத்தது. அதன் நடு மதிப்புகளின்படி நிலக்கரிக்கு 820 கிராம், இயற்கை எரிவாயுவுக்கு 490, பெரிய சூரியப் பூங்காவுக்கு 48, நீர்மின்சாரத்துக்கு 24, அணுமின்சாரத்துக்கு 12, நிலத்திலுள்ள காற்றாலைக்கு 11. கரியமில வாயுக் கணக்கில் அணுவும் காற்றும் ஒரே படியில் நிற்கின்றன. இரவிலும் காற்றில்லாப் பருவத்திலும் அந்தப் படியிலேயே நிற்பது அணுவின் கூடுதல் தகுதி.

நிலக்கரியின் இன்னொரு சுமை சாம்பல். இந்திய நிலக்கரியில் மூன்றிலொரு பங்கு போலச் சாம்பலே. 1,000 மெகாவாட் அனல்மின் நிலையம் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் சாம்பலைத் தள்ளுகிறது. நாடு முழுவதும் ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கும் மேல். சிமெண்டிலும் செங்கலிலும் அதில் பெரும்பகுதி பயன்பட்டாலும், எஞ்சியது சாம்பல் குளங்களில் சேர்கிறது. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்து, இறாலும் மீனும் குறைந்ததை அங்குள்ள மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அணுமின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கியைப் பார்த்து அதிலும் புகை வருகிறது என்று எண்ணுவோர் உண்டு. அங்கே எரிவது எதுவுமில்லை. வடிகட்டிகளைக் கடந்து கதிரியக்க அளவு கண்காணிக்கப்பட்ட காற்றே வெளியேறுகிறது.

நிலமும் நீரும்

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2,500 ஏக்கரில் பரந்துள்ளது. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுமின் நிலையத்தைச் சுற்றி 1.6 கிலோமீட்டர் ஆரத்துக்கு விலக்கப்பட்ட பகுதி உண்டு. அந்த வட்டத்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 2,000 ஏக்கர். கடலோர நிலையங்களில் அதில் பாதியைப் போலக் கடலே எடுத்துக்கொள்கிறது. அதற்குள் பல உலைகள் நிற்கலாம். கூடங்குளத்தில் இரண்டு உலைகள் ஓட, மேலும் நான்கு கட்டப்படுகின்றன. நெய்வேலியிலோ திறந்தவெளிச் சுரங்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். விளைநிலம் கேட்டுக்கொண்டே இருக்கும். காற்றாலை அடியில் பயிர் செய்யலாம் என்பது அதன் நன்மை.

நீர்த் தேவையில் அணுவுக்கு நல்ல பெயர் இல்லை. டர்பைனிலிருந்து வரும் நீராவியைக் குளிர்விக்க ஏராளமான நீர் வேண்டும். அதனால்தான் தமிழ்நாட்டில் இரு நிலையங்களும் கடற்கரையில் உள்ளன. கல்பாக்கத்தில் கரையிலிருந்து ஏறத்தாழ அரை கிலோமீட்டர் தொலைவிலிருந்து கடலடிச் சுரங்கப்பாதை வழியாக நீர் உள்ளே வருகிறது. கடலையும் சேர்த்துத்தான் அங்கே உலையை இயக்க வேண்டியிருக்கிறது. சில பருவங்களில் சொறி மீன்கள் கூட்டமாக வந்து வடிகட்டிச் சல்லடைகளை அடைத்துக்கொள்ளும். சிப்பியும் கொட்டலசும் குழாய்ச் சுவர்களில் ஒட்டி வளரும். அவற்றைக் குளோரின் கலந்து கட்டுப்படுத்துவார்கள். உலையில் ஒரு குறையுமில்லாமல், பம்ப் அறையில் சொறி மீன் நிறைந்ததால் மின் உற்பத்தியைக் குறைக்க நேர்வதும் உண்டு. குளிர்வித்த நீர் சற்றுச் சூடாகவே கடலுக்குத் திரும்புகிறது. அதன் வெப்ப உயர்வுக்கு வரம்பு விதிக்கப்பட்டுள்ளது.

கதிர்வீச்சு

அணுமின் நிலையத் தொழிலாளியின் சட்டையில் எப்போதும் இருக்க வேண்டியது டி.எல்.டி. பேட்ஜ். உடல் ஏற்ற கதிர்வீச்சை அது பதிவு செய்யும். குறிப்பிட்ட கால இடைவெளியில் அது ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டு அளவு குறிக்கப்படும். அன்றன்றைய அளவை உடனுக்குடன் பார்க்கத் தனிக் கருவி உண்டு. கனநீர் உலைகளில் ட்ரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜன் உருவாவதால், அது காற்றில் கலந்துள்ள பகுதிகளுக்குக் காற்றுக் குழாய் இணைத்த பிளாஸ்டிக் அங்கி அணிந்தே செல்வார்கள். திரும்பியபின் சிறுநீர் மாதிரி கொடுப்பதும் வேலையின் பகுதியே. பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் உச்சவரம்பு. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. வரம்பை நெருங்குபவர் அந்தப் பகுதி வேலையிலிருந்து விலக்கப்படுவார். நிலையத்துக்கு வெளியே வாழும் பொதுமக்களுக்கு நிலையத்தால் கூடும் அளவின் வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவெர்ட்.

இந்த எண்களுக்குப் பொருள் தெரிய, இயற்கையின் அளவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் காற்றிலிருந்தும் ஒரு மனிதர் பெறும் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட். மணவாளக்குறிச்சியிலிருந்து கொல்லம் வரையுள்ள கடற்கரையில் மோனசைட் மணலின் தோரியத்தால் பல இடங்களில் அளவு இதைவிடப் பல மடங்கு. அங்கே தலைமுறைகளாக மக்கள் வாழ்கிறார்கள். அந்தத் தோரியத்தையே ஒரு நாள் எரிபொருளாக்குவது இந்திய அணுசக்தித் திட்டத்தின் முன்னோடி ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தின் இறுதி இலக்கு. அதற்கு இடைப்படியான, எரிப்பதைவிடக் கூடுதலான எரிபொருளை உருவாக்கும் 500 மெகாவாட் வேக ஈனுலை கல்பாக்கத்தில் கட்டப்பட்டு, 2024 மார்ச்சில் உலையின் உள்ளகத்தை நிரப்பும் பணி தொடங்கியது.

விபத்து

அணு உலையின் தனி இடர், நிறுத்திய பின்னும் வெப்பம் நிற்பதில்லை என்பது. உலை நின்ற கணத்தில் முழு வெப்பத்தின் ஆறேழு சதவீதம் எஞ்சியிருக்கும். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை சதவீதத்தை ஒட்டி இறங்கும். ஒரு நாள் ஆனாலும் முற்றிலும் தீராது. அனல்மின் நிலையத்தில் தீயை அணைத்தால் கதை முடிந்தது. இங்கே குளிர்விக்க நீரும் அதைச் செலுத்த மின்சாரமும் வேண்டும். 2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் நிலநடுக்கத்தில் உலைகள் முறைப்படி நின்றன. அடுத்து வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. எஞ்சிய வெப்பம் எரிபொருளை உருக்கியது.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய சோதனை 1993 மார்ச் 31 அதிகாலையில் உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் நேர்ந்தது. டர்பைன் இறக்கை முறிந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றி, கேபிள்கள் எரிந்து, நிலையம் முழுவதும் மின்சாரம் இழந்தது. இயக்கப் பணியாளர்கள் டார்ச் வெளிச்சத்தில் உலைக் கட்டடத்தின் மேலேறி, வால்வுகளைக் கையால் திறந்து போரான் கரைசலை உள்ளே விட்டார்கள். டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளின் நீரை நீராவி உற்பத்திக் கலன்களுக்குத் திருப்பினார்கள். மின்சாரம் இல்லாமலே, சூடான கனநீர் மேலெழ குளிர்ந்தது கீழிறங்க, உலைக்குள் இயற்கைச் சுழற்சி தொடர்ந்தது. சுமார் 17 மணி நேர இருட்டுக்குப் பிறகு மின்சாரம் திரும்பியது, கதிரியக்கம் வெளியேறவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்பாக்கம் பம்ப் அறையில் கடல் புகுந்தபோதும், ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. நிலையத்துக்கு வெளியே நகரியத்திலும் மீனவக் குப்பங்களிலும்தான் உயிர்கள் பறிபோயின. கூடங்குளத்தின் உலைகளில் மின்சாரமே இல்லாமல் வெளிக்காற்றால் எஞ்சிய வெப்பத்தைத் தணிக்கும் அமைப்பும், உருகிய எரிபொருளைத் தாங்கிப் பிடிக்கும் கலனும் தொடக்கத்திலேயே இடம்பெற்றன.

விபத்தையும் காற்று மாசையும் சேர்த்து, ஒரு டெராவாட்-மணி, அதாவது 100 கோடி யூனிட், மின்சாரத்துக்கு எத்தனை உயிரிழப்பு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளார்கள். நிலக்கரிக்குச் சுமார் 25. எரிவாயுவுக்கு 3-ஐ ஒட்டி. நீர்மின்சாரத்துக்கு, அணை உடைப்புகளால், 1-க்குச் சற்று மேல். காற்று, சூரியன், அணு மூன்றுக்கும் 0.05-க்குக் கீழே. செர்னோபிலும் ஃபுகுஷிமாவும் இதில் சேர்ந்தவையே. ஆயினும் கூடங்குளம் உலைகளை எதிர்த்து அண்டை ஊரான இடிந்தகரை மக்கள் 2011, 2012-இல் எழுப்பிய கேள்விகளை இந்தச் சராசரி எண் தீர்த்துவிடாது. அரிதாக நேர்ந்தாலும் ஒரு பெரிய அணு விபத்து ஊர்களையே காலிசெய்ய வைக்கும். அதனால் அண்டை ஊர்களோடு ஒளிவின்றிப் பேசுவதும் வெளியேற்ற ஒத்திகை நடத்துவதும் நிலையத்தின் கடமை.

கழிவு

எரிந்து முடிந்த எரிபொருள் கடும் கதிரியக்கம் கொண்டது. முதலில் ஆண்டுக்கணக்கில் நீர்த்தொட்டியில் கிடந்து குளிர வேண்டும். சாதாரண நீரைத் தணிப்பானாகக் கொண்ட 1,000 மெகாவாட் மென்னீர் உலை ஆண்டுக்கு 20 முதல் 25 டன் அளவே இதைத் தருகிறது. கனநீர் உலையில் எடை கூடுதல். கதிரியக்கச் செறிவு குறைவு. மறுசுழற்சி செய்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்து வேக ஈனுலைக்குப் பயன்படுத்துவது இந்தியாவின் வழி. கல்பாக்கத்தில் அதற்கான ஆலை உள்ளது. எஞ்சும் உயர்நிலைக் கழிவு கண்ணாடியோடு உருக்கிக் கலக்கப்பட்டு உலோகக் கலன்களில் அடைக்கப்படுகிறது. அதை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வைத்துக் காக்கும் ஆழ்நிலக் கிடங்கு இந்தியாவில் இன்னும் அமையவில்லை. அளவில் சிறியதும் காலத்தில் நீண்டதுமான இந்தப் பொறுப்பு, நிலக்கரியின் மலைபோன்ற சாம்பலிலிருந்து தன்மையிலேயே வேறுபட்டது. சாம்பல் எங்கும் பரவுகிறது. இது எண்ணிக் கணக்கு வைத்த கலனுக்குள் இருக்கிறது.

செலவும் காலமும்

அணுவின் மெய்யான பலவீனம் கட்டுமானத்தில் இருக்கிறது. கூடங்குளம் முதல் இரு உலைகளுக்கான உடன்பாடு 1988-இல் கையெழுத்தானது. முதல் கான்கிரீட் 2002-இல் இடப்பட்டது. முதல் உலை 2014 இறுதியில்தான் வணிக உற்பத்திக்கு வந்தது. 13,171 கோடி ரூபாய் என்று தொடங்கிய மதிப்பீடு 22,462 கோடியில் முடிந்தது. கமுதி சூரிய நிலையம் ஓராண்டுக்குள் எழுந்தது. முதலீடு இத்தனை ஆண்டுகள் முடங்கிக் கிடந்தால் வட்டியே பெரும் செலவாகும். கட்டி முடித்த பின் கணக்கு மாறுகிறது: உலைகள் 40, 60 ஆண்டுகள் ஓடும். 1969-இல் தாராப்பூரில் உற்பத்தியைத் தொடங்கிய உலைகள் கடன் தீர்ந்த பின் நாட்டின் மலிவான மின்சாரங்களில் ஒன்றைத் தந்தன.

சூரிய மின்சாரத்தின் விலை இன்று அணுவைவிடக் குறைவு. ஆனால் பகல் யூனிட்டையும் இரவு யூனிட்டையும் ஒரே விலைப்பட்டியலில் வைக்க முடியாது. சேமிக்கும் பேட்டரியின் செலவையும், காற்று ஓய்ந்த மாதங்களுக்கு வைத்திருக்கும் மாற்று நிலையத்தின் செலவையும் சேர்த்தால் இடைவெளி சுருங்குகிறது. ஜெர்மனி 2023 ஏப்ரலில் தன் கடைசி மூன்று உலைகளையும் மூடியது. பழுப்பு நிலக்கரி நிலையங்களை அன்றே மூட அதனால் முடியவில்லை. மின்சாரத்தின் பெரும்பங்கை அணுவில் எடுக்கும் பிரான்சின் யூனிட்டுக்குரிய கரியமில வாயு, ஜெர்மனியைவிடப் பல மடங்கு குறைவு.

இந்தியாவின் மின்சாரத்தில் அணுவின் பங்கு 3 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. நிலக்கரியின் பங்கு 70 சதவீதத்தை ஒட்டியது. காற்றையும் சூரியனையும் அணு இடம்பெயர்க்கத் தேவையில்லை, அவை மலிவாகவும் விரைவாகவும் வளரட்டும். இரவும் பகலும் மாறாமல் ஓடும் நிலக்கரியின் இடத்தைப் புகையும் சாம்பலும் இல்லாமல் நிரப்பக்கூடிய, பருவத்தை நம்பாத மூலம் அணு ஒன்றே. குறித்த காலத்தில் கட்டுதல், வெளிப்படையான ஒழுங்காற்று, களைப்பறியாத கவனம் என்ற மூன்றும் அதற்குரிய விலை. அந்த விலையைக் கொடுக்க ஆயத்தமான நாட்டுக்கு அது நல்ல மின்சாரம். ஆயத்தமில்லாத நாடு அதைத் தொடாமலிருப்பதே நல்லது.